சிக்னல் விட்டுவிட்டு வரும் ஊருக்குக் கடன் சங்கத்தின் ஆன்லைன் சேவையைக் கொண்டுபோவது எப்படி?

உறுப்பினர் ஒருவர் தவணை கட்ட பட்டனை அழுத்துகிறார். திரையில் வட்டம் சுற்றுகிறது. நாற்பது விநாடி கழித்து ‘தோல்வி, மீண்டும் முயலவும்’ என்று வருகிறது. திரும்ப அழுத்துகிறார், சரியாகிவிடுகிறது. மறுநாள் பார்த்தால் கணக்கில் இரண்டு தவணை கழிந்திருக்கிறது. அதைத் திரும்ப வாங்க ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுச் சங்க அலுவலகத்தில் போய் உட்கார வேண்டும். அதன்பிறகு அவர் அந்த ஆப்பைத் தொடமாட்டார். அவர் புலம்பிக் கேட்ட பத்துப் பேரும் தொடமாட்டார்கள்.

ஆன்லைன் சேவைக்கு என்று ஒதுக்கும் பணத்தைப் பல சங்கங்கள் அழகான ஆப்பில் போடுகின்றன. இந்த இரட்டைத் தவணையைத் தடுப்பதில்தான் முதலில் போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. கீழே உள்ளவை சிறிய, நடுத்தரக் கடன் சங்கங்களின் செயலாளர்களுக்கும் கணினிப் பொறுப்பாளர்களுக்கும் மென்பொருள் வாங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்.

உலக வங்கியின் 2021ஆம் ஆண்டு ஃபின்டெக்ஸ் கணக்கெடுப்பின்படி உலகில் ஏறத்தாழ 140 கோடிப் பெரியவர்களுக்கு அப்போது எந்த நிதிக் கணக்கும் இருக்கவில்லை. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில், கணக்குத் தொடங்கினாலும் பிறர் உதவி இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது என்றே சொன்னார்கள். ஆகவே தானாகவே எல்லாம் செய்துகொள்ளும் ஒருவரை மனதில் வைத்து வடிவமைத்தால் பாதிப் பேரை வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். பக்கத்தில் ஒருவர் நின்று உதவுவார் என்று வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் அமையுங்கள்.

முதலில் ஊரை அளந்து பாருங்கள்

தொலைபேசி நிறுவனங்களின் வரைபடத்தில் பச்சை நிறம் அடித்திருப்பதை நம்ப வேண்டாம். அது வெட்டவெளியில் நிற்பவருக்கான கணக்கு. வீட்டுக்குள் கதை வேறு.

ஒரு பட்டன் போன், ஒரு மலிவான ஆண்ட்ராய்டு போன், அந்தப் பகுதியில் புழங்கும் எல்லா நிறுவனங்களின் சிம்கள். இவ்வளவு போதும். உறுப்பினர்கள் வசிக்கும் பகுதியில் ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுத்து, காலை, நண்பகல், இரவு எட்டு மணி என மூன்று வேளையும் சோதியுங்கள். இரவு வேளை முக்கியம்: வீட்டுக்குத் திரும்பியவர்கள் போனைக் கையில் எடுப்பது அப்போதுதான், டவரில் நெரிசலும் அப்போதுதான். ஒவ்வொரு இடத்திலும் யுஎஸ்எஸ்டி அழைப்பை (நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்தி, இணையம் இல்லாமல் பெறும் சேவை) 20 தடவை போட்டு, எத்தனை தடவை கடைசித் திரை வரை போனது என்று எழுதுங்கள். 20க்கு 17க்குக் கீழே வந்தால் அந்த நிறுவனத்தை நம்பி அந்த இடத்தில் பணம் எடுக்கும் சேவையைத் தொடங்க வேண்டாம். இருப்புப் பார்ப்பது மட்டும் போதும். மின்வெட்டு நீண்டால் டவரின் பேட்டரியும் ஓய்ந்துவிடும் என்பதால், மின்சாரம் போய் சில மணி நேரம் ஆன ஒரு நாளிலும் ஒருமுறை பாருங்கள்.

கூடவே நூறு உறுப்பினர்களிடம் மூன்றே மூன்று கேள்விகள்: வீட்டில் எத்தனை போன், அது யார் கையில் இருக்கிறது, எஸ்எம்எஸ் வந்தால் யார் படிக்கிறார். இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கான பதில்தான் பிறகு உங்கள் வடிவமைப்பை முடிவு செய்யும்.

பாதியில் நின்ற பரிவர்த்தனை

தொடக்கத்தில் சொன்ன இரட்டைத் தவணை ஏன் நடக்கிறது? போன் அனுப்பிய கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்வர் பேரேட்டில் பதிந்துவிட்டது. அது அனுப்பிய பதில்தான் திரும்பி வரும் வழியில் தொலைந்தது. பதில் வராததைப் போன் ‘தோல்வி’ என்று மொழிபெயர்த்துவிட்டது. தவறு அங்கேதான். பதில் வரவில்லை என்றால் நடந்ததா இல்லையா என்பது போனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எனவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் இரண்டு அல்ல, மூன்று முடிவுகள் இருக்க வேண்டும்: ஏற்கப்பட்டது, மறுக்கப்பட்டது, விசாரணையில் உள்ளது. மூன்றாவதற்கான திரையில் ‘மீண்டும் முயலவும்’ என்ற சொல்லே வரக்கூடாது. ‘உங்கள் கோரிக்கை வந்ததா என்று பார்க்கிறோம். திரும்பக் கட்ட வேண்டாம். முடிவு எஸ்எம்எஸ்ஸில் வரும்’ என்று போடுங்கள்.

இதற்குப் பின்னால் நடக்க வேண்டிய வேலை இது. உறுப்பினர் ‘உறுதி’ என்று அழுத்துவதற்கு முன்பே, அந்தத் திரை திறக்கும்போதே, போன் ஒரு தனி எண்ணை உருவாக்கித் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 128 பிட் தற்செயல் எண் போதும். கோரிக்கையோடு அந்த எண்ணும் போகும். சர்வர் அதைப் பேரேட்டுப் பதிவோடு ஒரே மூச்சில் சேமிக்க வேண்டும். எண் ஒரு தடவைக்கு மேல் வர முடியாதபடி தரவுத்தளத்திலேயே தடை போடுங்கள். நிரலில் ‘இருக்கிறதா’ என்று பார்த்துவிட்டுப் பிறகு எழுதினால், ஒரே நொடியில் வரும் இரண்டு கோரிக்கைகள் இரண்டுமே உள்ளே நுழைந்துவிடும். அதே எண் மறுபடி வந்தால் புதிதாக எதையும் செய்யாமல் முதல் தடவை சொன்ன பதிலையே சர்வர் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே எண்ணில் வேறு தொகை வந்தால் மறுத்துவிட வேண்டும்.

மென்பொருள் விற்பவர்கள் இதைச் செய்திருப்பதாகத்தான் சொல்வார்கள். சோதிப்பது எளிது. ஆண்ட்ராய்டு போனில் ‘உறுதி’ அழுத்தியதும் ஏரோபிளேன் மோடு போடுங்கள். பத்து விநாடி கழித்து எடுங்கள். ஆப்பை மூடித் திறந்து மறுபடி அழுத்துங்கள். ஐம்பது தடவை செய்து பேரேட்டில் எத்தனை வரவு விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். பட்டனை அழுத்தும்போதெல்லாம் புது எண் உருவாக்கும் ஆப்கள் இந்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும். நாங்கள் பார்த்தவரை அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

போன் தானாகவே மறுமுயற்சி செய்யும்போது இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்: 5 விநாடி, பிறகு 15, பிறகு 45. ஒவ்வொன்றிலும் சில விநாடிகள் முன்னே பின்னே தற்செயலாக இருக்கட்டும். இல்லாவிட்டால் டவர் திரும்ப உயிர்பெற்ற நொடியில் ஊரில் உள்ள எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் வந்து மோதி, சர்வரையும் டவரையும் சேர்த்துப் படுக்கவைத்துவிடும்.

சங்கங்களுக்கே உரிய இன்னொரு சிக்கல், நாள் கணக்கு முடிக்கும் நேரம். மாலையில் பேரேட்டை மூடினால் மறுநாள் காலை வரை பல மென்பொருள்கள் எந்தப் பதிவையும் ஏற்காது. உறுப்பினர்களோ இரவில்தான் பணம் கட்டுகிறார்கள். அந்த இடைவெளியில் வருவதை நிராகரிக்காமல் வரிசையில் வைத்து, பணம் வந்த தேதியோடு மறுநாள் பதியுங்கள். இல்லாவிட்டால் கெடு நாளன்று இரவு ஒன்பது மணிக்குக் கட்டியவருக்கு அபராத வட்டி விழும். அதை விளக்க எந்தப் பணியாளராலும் முடியாது.

எந்த வழியில் சேவை?

நட்சத்திரக் குறியும் எண்களும் அழுத்தி ரீசார்ஜ் பாக்கி பார்ப்போமே, அதுதான் யுஎஸ்எஸ்டி. இணையம் வேண்டாம், எந்தப் போனிலும் வேலை செய்யும். ஆனால் ஒரு திரையில் ஆங்கில எழுத்து என்றால் 182 எழுத்துகள் வரைதான், தமிழ் போன்ற எழுத்து என்றால் 80 குறிகள்தான். பழைய போன்கள் சில தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டும். இடையில் பேச்சு அழைப்பு வந்தால் எல்லாம் அறுந்துவிடும். அடிக்கும் ரகசியப் பின் எண் (PIN) பெரும்பாலான போன்களில் திரையில் அப்படியே தெரியும். தொலைபேசி நிறுவனத்தின் கணினி வழியாகவும் அது மறைக்கப்படாமல் போகும். ஆகையால் யுஎஸ்எஸ்டியில் இருப்பு, கடன் பாக்கி, தன் தவணை கட்டுதல் மட்டும் வையுங்கள். பிறர் கணக்குக்கு அனுப்புவதாக இருந்தால் குறைந்த உச்சவரம்பு, அதுவும் முன்பே நேரில் பதிந்துவைத்த கணக்குகளுக்கு மட்டும்.

மூன்று நிலைக்கு மேல் ஆழமான பட்டியல் வேண்டாம். முதல் திரை இப்படி இருந்தால் போதும்:

1 இருப்பு
2 கடன் பாக்கி
3 தவணை கட்ட
4 உதவி

கல்விக்கடன், நகைக்கடன், விவசாயக்கடன் என்று பிரிக்காதீர்கள். யார் அழைக்கிறார் என்று சர்வருக்குத் தெரியும். அவருக்கு ஒரே கடன் இருந்தால் நேராக அந்தப் பாக்கியையே காட்ட வேண்டும்.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா என்ற செல்பேசிப் பணச் சேவை, சிம் கார்டுக்குள்ளேயே இருந்த பட்டியலை வைத்துத்தான் பரவியது. ஸ்மார்ட்போன் தேவைப்படவில்லை. அனுப்பியவர், பெற்றவர் இருவருக்கும் உடனே ஒரு எஸ்எம்எஸ் ரசீது, ஊர்தோறும் ரொக்கம் கொடுத்து வாங்க ஒரு முகவர். சங்கம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை அந்த ரசீதும் முகவரும்தான்.

எஸ்எம்எஸ்: 70 இடத்துக்குள் எழுதுங்கள்

ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து கொள்ளும். தமிழில் 70 குறிகள்தான். 70ஐத் தாண்டினால் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் 67. இந்தக் கணக்கில் ‘கு’ இரண்டு இடம் பிடிக்கும், ‘ப்’ இரண்டு இடம் பிடிக்கும். புள்ளியும் துணை எழுத்தும் தனித்தனி இடம்.

அலுவலக நடையில் எழுதினால் எப்படி இருக்கும் பாருங்கள்: ‘மதிப்பிற்குரிய உறுப்பினரே, தங்கள் சேமிப்புக் கணக்கில் 500 வரவு வைக்கப்பட்டுள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்’. இது 112 இடம். இரண்டு எஸ்எம்எஸ் கட்டணம். உறுப்பினருக்கு வேண்டிய இருப்பும் இல்லை, ரசீது எண்ணும் இல்லை. சிக்னல் மோசமான இடத்தில் இரண்டாம் துண்டு மட்டும் வந்து சேராமல் போவதும் உண்டு.

இப்படி எழுதினால்: ‘வரவு 500. இருப்பு 12340. 14/06 10:42. எண் 7731’. 46 இடம். ‘வைக்கப்பட்டுள்ளது’ என்ற ஒரு சொல்லுக்கே 17 இடம் போகிறது. அந்த மரியாதையை நேரில் வரும்போது காட்டிக்கொள்ளலாம்.

எஸ்எம்எஸ்ஸில் இணைப்பு எதையும் சேர்க்காதீர்கள், ஒருபோதும். சங்கம் அனுப்பும் செய்தியில் தொட வேண்டிய இணைப்பு எதுவும் இருக்காது என்று உறுப்பினர்களுக்குப் பழகிவிட்டால், மோசடிச் செய்தியை அவர்களே கண்டுபிடிப்பார்கள். வசதிக்காக ஒரே ஒரு தடவை அனுப்பினாலும் அந்தப் பழக்கம் கெட்டுவிடும்.

வீட்டில் ஒரே போன், அது கணவர் கையிலோ மகன் கையிலோ என்றால் இருப்புத் தொகை அவர்கள் கண்ணில் படும். சேமிப்பு மறைவாக இருப்பதற்காகவே சங்கத்துக்கு வரும் பெண்கள் இருக்கிறார்கள். ‘இருப்பு எஸ்எம்எஸ்ஸில் வேண்டாம்’, ‘எஸ்எம்எஸ்ஸே வேண்டாம், பாஸ்புக் போதும்’ என்ற இரண்டு தேர்வுகளும் கணக்குத் தொடங்கும் படிவத்திலேயே இருக்கட்டும். கேட்டால்தான் தருவோம் என்றால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பேசும் சேவை

படிக்கத் தெரியாதவருக்கும் பார்வை மங்கியவருக்கும் குரல்வழிச் சேவைதான் கைகொடுக்கும். தவறிய அழைப்பு கொடுத்தால் சர்வர் திருப்பி அழைக்கும்படி அமைத்தால் உறுப்பினருக்குச் செலவில்லை. நான்கு தேர்வுகளுக்கு மேல் வேண்டாம். செயலை முதலில் சொல்லி எண்ணைப் பின்னால் சொல்லுங்கள்: ‘இருப்பு தெரிய, ஒன்று’. ‘ஒன்றை அழுத்தினால்…’ என்று தொடங்கினால், விஷயம் வருவதற்குள் எண் மறந்துபோகும்.

தொகையைச் சொல்வதில் ஒரு பொறி உண்டு. வெளியில் வாங்கும் குரல் மென்பொருள்களில் பல, துண்டுகளை அப்படியே ஒட்டும்: ‘ஆயிரம், இருநூறு, ஐம்பது’. காதில் விழும்போது மூன்று தனித் தொகைகள் போல இருக்கும். தமிழில் அது ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது’. பின்னால் எண் தொடர்ந்தால் ஒரு வடிவம், தொடராவிட்டால் இன்னொரு வடிவம். இரண்டையும் பதிய வேண்டும். கணக்குப் போட்டால் பெரிய வேலை இல்லை: 0 முதல் 99 வரை 100 துண்டுகள், நூறுகள் ஒன்பதும் இரண்டு வடிவத்தில் 18, ஆயிரங்கள் 1 முதல் 99 வரை இரண்டு வடிவத்தில் 198, இலட்சங்கள் ஒன்பதும் இரண்டு வடிவத்தில் 18. மொத்தம் 334. 9,99,999 வரை எந்தத் தொகையையும் இதில் சொல்லிவிடலாம். தெளிவாகப் பேசும் ஒருவரை உட்காரவைத்தால் ஒரே நாளில் பதிந்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மைக்கில், ஒரே குரலில் பதிவது முக்கியம். பிறகு விட்டுப்போனதைச் சேர்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும்.

இணையப் பக்கமும் ஆப்பும்

மெதுவான இணைப்பில் 50 கிலோபிட் வேகம் என்று வைத்துக்கொள்வோம். 2 எம்பி பக்கம் திறக்க 320 விநாடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கு மேல். 80 கேபி பக்கம் 13 விநாடி. உள்நுழையும் பக்கம் 80 கேபியைத் தாண்டக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். தலைவர் படம், நகரும் பதாகை, வெளியில் இருந்து எடுக்கும் எழுத்துரு, பார்வையாளரைக் கண்காணிக்கும் நிரல், எதுவும் அங்கே வேண்டாம். தமிழ் எழுத்துரு இப்போதைய போன்களிலேயே இருக்கிறது.

எடையைக் குறைத்தும் மெதுவாக இருந்தால், எத்தனை வெவ்வேறு முகவரிகளிலிருந்து பக்கம் எதையெல்லாம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு புது முகவரிக்கும் பெயரைத் தேட ஒரு போய்வரல் (போனிலிருந்து கேள்வி போய்ப் பதில் வருவது), இணைப்புக்கு ஒன்று, பூட்டுச்சாவிப் பரிமாற்றத்துக்கு, இணைப்பை மறைகுறியாக்கும் டிஎல்எஸ் முறையின் 1.2 பதிப்பு என்றால் இரண்டு, 1.3 என்றால் ஒன்று. ஒரு போய்வரலுக்கு முக்கால் விநாடி ஆகும் இடத்தில் ஒரு எழுத்துகூட வருவதற்கு முன்பே மூன்று விநாடி போய்விடும். எல்லாமே ஒரே முகவரியிலிருந்து வரட்டும். 1.3ஐ இயக்குங்கள், பழைய போன்களுக்காக 1.2ஐ மூடாதீர்கள்.

‘இந்த இணைப்பு பாதுகாப்பற்றது’ என்று சிவப்பு எச்சரிக்கை சிலருக்கு மட்டும் வருகிறது என்று புகார் வந்தால் முதலில் போனின் வயதைக் கேளுங்கள். தளம் உண்மையானது என்று காட்டும் சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் வேரை (அதன் மூலச் சான்றிதழை) ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய போன்கள் அறியாது. அவற்றுக்காக இருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பரில் முடிந்தது. உங்கள் அலுவலக போன்களில் எல்லாம் சரியாகவே தெரியும். கைமாறிய பழைய போன் வைத்திருப்பவருக்கு மட்டும் சங்கமே மோசடி போலக் காட்சி தரும். பழைய வேர் உள்ள நிறுவனத்தின் சான்றிதழ் வாங்குவது ஒரு வழி. ஆனால் அந்தப் போன்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்று வெகுநாளாகிவிட்டதால், அவற்றில் இருப்புப் பார்ப்பதும் தன் தவணை கட்டுவதும் மட்டும் அனுமதியுங்கள்.

ஆப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். கட்டாயப் புதுப்பிப்பு என்று திடீரென்று கதவை அடைக்காதீர்கள். டேட்டா தீர்ந்துபோனவர் கெடு நாளன்று தவணை கட்ட முடியாமல் நிற்பார். பழைய பதிப்பு குறைந்தது ஓராண்டு வேலை செய்ய வேண்டும், பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் தவிர.

வெயிலில் நின்று பார்க்கும் திரை இது. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த வகுத்த அணுகுமை விதிகள் (WCAG) எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 என்ற மாறுபாட்டைக் கேட்கின்றன. மெல்லிய சாம்பல் எழுத்து அதில் தேறாது. அந்த விதிகளின் 2.2ஆம் பதிப்பு பட்டனுக்குக் குறைந்த அளவாக 24 பிக்சல் சொல்கிறது. காய்த்துப்போன விரல்களுக்கு 44 வையுங்கள்.

சொற்களை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்காமல் கவுண்டரில் கேளுங்கள். ‘பயனாளியைச் சேர்’ என்று எந்த உறுப்பினரும் கேட்பதில்லை, ‘யாருக்கு அனுப்பணும்?’ என்றுதான் பேச்சு. ‘சமர்ப்பி’ என்ற பட்டனுக்குப் பதில் ‘500 கட்டு’ என்று தொகையோடு எழுதினால், ஒரு பூஜ்யம் கூடுதலாகப் போட்டது அந்த இடத்திலேயே கண்ணில் படும்.

கணக்குத் தொடங்குவதில் விழும் முடிச்சுகள்

நிதிக் குற்றத் தடுப்புக்கான உலக அமைப்பான எஃப்ஏடிஎஃப், ஆபத்து குறைவான கணக்குகளுக்கு எளிமையான அடையாளச் சோதனையை அனுமதிக்கிறது. உங்கள் நாட்டுக் கட்டுப்பாட்டாளரும் அனுமதித்தால் இரண்டு படி வையுங்கள்: குறைந்த ஆவணம், குறைந்த வரம்பு கொண்ட முதல் படி. முழு ஆவணம் வந்ததும் இரண்டாம் படி. எல்லா ஆவணமும் கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்றால், இவ்வளவு நாள் வெளியே நின்றவர் அப்படியேதான் நிற்பார்.

பெயர்ப் பெட்டியில் ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று இருக்கக்கூடாது. ஒற்றைப் பெயர் உள்ளவருக்குப் பணியாளர் ஒரு புள்ளியையோ தந்தை பெயரையோ போட்டு நிரப்புவார். பிறகு அடையாள அட்டையோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று வேறெங்கோ நிராகரிப்பு வரும். முழுப்பெயருக்கு ஒரே பெட்டி, அட்டையில் உள்ளபடி ஒன்று, அழைக்கும் பெயர் ஒன்று.

பிறந்த தேதியைப் பாதுகாப்புக் கேள்வியாக வைக்காதீர்கள். தேதி தெரியாதவர்களுக்கு எல்லாம் ஜனவரி 1 என்று பதிந்திருப்பார்கள். உங்கள் பட்டியலில் எத்தனை பேர் ஜனவரி 1இல் பிறந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள், புரிந்துவிடும்.

பல மென்பொருள்கள் ஒரு போன் எண்ணுக்கு ஒரே உறுப்பினரைத்தான் ஏற்கும். மாமியாரும் மருமகளும் ஒரே போனில் இருந்தால் இரண்டாமவர் பதிய முடியாது, அல்லது பணியாளர் தன் எண்ணையே போட்டுவிடுவார். அதைவிட ஆபத்து வேறில்லை. ஒரே பணியாளரின் போன் எண் எத்தனை கணக்குகளில் இருக்கிறது என்று மாதாமாதம் தேடுங்கள். ஒரு எண்ணுக்குப் பல உறுப்பினர், ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் எண், தனிப் பின் எண் என்று மாற்றச் சொல்லுங்கள். நீண்ட நாள் ரீசார்ஜ் செய்யாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் இன்னொருவருக்குக் கொடுத்துவிடும். அதனால் 90 நாள் எந்த அசைவும் இல்லாத எண்ணிலிருந்து பணம் எடுக்கக் கோரிக்கை வந்தால் முதலில் நேரில் சரிபார்க்க வேண்டும்.

பின் எண் நான்கு இலக்கம் என்றால் பத்தாயிரம் வாய்ப்புகள். ஐந்து தவறுக்குப் பூட்டுங்கள். 1234, 0000, பிறந்த ஆண்டு ஆகியவற்றை ஏற்காதீர்கள். மறந்துபோனால் மாற்றும் வழிதான் நடைமுறையில் பெரிய விஷயம். அதற்காக அலுவலகம் வரை வரவேண்டும் என்று வைத்தால் பூட்டிய கணக்குகள் பூட்டியபடியே கிடக்கும். முகவர் நேரில் முகமும் அட்டையும் பார்த்துக் கோரிக்கை பதிவது, அலுவலகம் உறுப்பினரைத் திருப்பி அழைத்துக் கடைசி வரவு எவ்வளவு என்று கேட்பது, அதன்பின் புதிய எண்ணை உறுப்பினரே அழுத்துவது என்று வைத்து, அடுத்த 48 மணி நேரத்துக்குப் பிறருக்குப் பணம் அனுப்புவதை நிறுத்திவைக்கலாம்.

முகவரும் ரொக்கமும்

திரையில் உள்ள இருப்பு நோட்டாக மாறும் இடம் முகவர்தான். அவர் கையில் ரொக்கம் இல்லாத நாளில் உங்கள் சர்வர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒன்றுதான். கடந்த எட்டு வாரங்களில் ஒரே நாளில் அதிகம் வெளியே போன நிகரத் தொகையைப் பார்த்து, அதோடு கால் பங்கு சேர்த்துக் கைவசம் வைக்கச் சொல்லுங்கள். கடன் பட்டுவாடாவை எல்லா ஊருக்கும் ஒரே நாளில் போடாதீர்கள்.

சிக்னலே இல்லாத இடத்தில் முகவரின் டேப்லெட் ஆஃப்லைனில் வேலை செய்யலாம், ஆனால் பணம் வாங்குவதற்கு மட்டும். டேப்லெட்டில் உள்ள இருப்பு நேற்றையது, அதை நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. ஆஃப்லைனில் அவர் வாங்கும் மொத்தம், சங்கத்தில் அவர் கட்டியிருக்கும் முன்வைப்பைத் தாண்டினால் டேப்லெட் தானே நின்றுவிட வேண்டும். டேப்லெட் கடிகாரத்தை நம்பாதீர்கள், பேட்டரி இறங்கி ஏறினால் தேதி பின்னுக்குப் போயிருக்கும். வரிசை எண்தான் ஆதாரம். இடையில் ஒரு எண் விட்டுப்போனால் அன்றே கேட்க வேண்டும்.

ரசீது அச்சிடும் 58 மில்லிமீட்டர் சிறு பிரின்டரில் அகலம் 384 புள்ளிகள். தமிழ் எழுத்து அதன் உள்ளே பெரும்பாலும் இருக்காது, கேள்விக்குறிகளாக வரும். ரசீதைப் படமாக மாற்றி அனுப்பினால் சரியாக விழும், சற்று மெதுவாக. அந்தத் தாள் வெப்பத்தில் மங்கிவிடும். ஆறு மாதம் கழித்துத் தகராறு வந்தால் உறுப்பினர் கையில் வெள்ளைத்தாள்தான் இருக்கும். ஆகவே பாஸ்புக்கில் பேனாவால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். ஆன்லைன் வந்தபிறகு பாஸ்புக் எதற்கு என்று நிர்வாகக் குழுவில் யாராவது கேட்பார்கள். விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பின் எண்ணை முகவரிடம் சொல்லாதீர்கள் என்று சுவரொட்டி ஒட்டினாலும் சொல்லத்தான் செய்வார்கள், போனையே கொடுத்துவிடுவார்கள். முகவர் தன் டேப்லெட்டில் எல்லாவற்றையும் செய்துவிட்டு, கடைசியில் உறுப்பினர் போனுக்குக் குரல் அழைப்பு வரும்படி வையுங்கள்: ‘உங்கள் கணக்கிலிருந்து ஐநூறு எடுக்க, உங்கள் பின் எண்ணை அழுத்துங்கள்’. தொகையைக் காதால் கேட்டபின் அழுத்துவதால், ஐநூறு கேட்டவருக்கு ஆயிரம் கழிப்பது கடினமாகிவிடும்.

தினமும் காலையில் செய்ய வேண்டியது

மூன்று பட்டியல்கள்: ஆன்லைன் நுழைவாயிலில் பதிந்தவை, வங்கியோ செல்பேசிப் பண நிறுவனமோ தீர்த்துக் கொடுத்தவை, சங்கப் பேரேட்டில் விழுந்தவை. மூன்றையும் பரிவர்த்தனை எண்ணை வைத்து ஒத்துப் பாருங்கள், மொத்தத் தொகையை வைத்து அல்ல. ஒரு 500 விட்டுப்போய் இன்னொரு 500 இரண்டு தடவை விழுந்தால் மொத்தம் ஒத்துப்போகும், இரண்டு உறுப்பினர்கள் பாதிக்கப்படுவார்கள்.

ஒத்துப்போகாதவை அனாமத்துக் கணக்கில் (தீர்வாகாத தொகைகளை வைக்கும் தற்காலிகக் கணக்கு) உறுப்பினர் பெயரோடு நிற்கட்டும். மூன்று நாளுக்கு மேல் அங்கே கிடப்பது எதுவாயினும் மேலாளர் கையெழுத்துப் போட்டுக் காரணம் எழுத வேண்டும். பணம் யாருடையது என்று தெளிவானால் விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் உறுப்பினர் கணக்கில் வரவு வைத்துவிட்டு, வெளி நிறுவனத்திடம் சங்கம் பேசிக்கொள்ளட்டும்.

வெள்ளோட்டம்

அலுவலகத்துக்குப் பக்கத்து ஊரில் தொடங்கினால் எல்லாம் நன்றாகவே நடக்கும், எதுவும் தெரியவராது. நீங்கள் அளந்ததில் சிக்னல் மோசமான ஊரில் 40 உறுப்பினர்களோடு ஆறு வாரம் ஓட்டுங்கள். முதல் பரிவர்த்தனையை ஒவ்வொருவரும் பணியாளர் முன்னிலையில், தங்கள் போனில், தங்கள் சொந்தப் பணத்தில் செய்யட்டும். செய்து காட்டும்போது போனைப் பணியாளர் கையில் வாங்கக்கூடாது. மெதுவாகத்தான் போகும், பரவாயில்லை.

எத்தனை பேர் ஆப்பை இறக்கினார்கள் என்ற எண்ணை அறிக்கையில் போடவே வேண்டாம். முதல் தடவைக்குப் பின் 30 நாளுக்குள் தாமாகவே இரண்டாவது தடவை செய்தவர்கள் எத்தனை பேர், ‘விசாரணையில்’ என்று நின்றவை தீர எவ்வளவு நேரம் ஆனது, பின் எண் மாற்ற எத்தனை நாள் ஆனது, முகவரிடம் ரொக்கம் இல்லை என்று திரும்பியவர்கள் எத்தனை பேர். இந்த நான்கையும் ஆண்கள், பெண்கள், அறுபது வயதைத் தாண்டியவர்கள் என்று பிரித்துப் பாருங்கள். இரண்டாவது தடவை வராதவர்களுக்குப் போன் செய்து கேளுங்கள். பாதிப் பேர் ஏதோ ஒரு திரையின் பெயரைச் சொல்லாமல் ஒரு நிறத்தைச் சொல்வார்கள்: ‘சிவப்பா ஏதோ வந்துச்சு, பயந்து மூடிட்டேன்’. அந்தச் சிவப்பு எது என்று தேடிப் பிடிப்பதுதான் ஏழாவது வாரத்தின் முதல் வேலை.